வன்னியிலிருந்து விலங்கு பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கு

வன்னியில் யானை புதினமில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் இரவோடு இரவாக வாழையை முறித்து, வேலியைச் சாய்த்து, நெல்மூட்டையை இழுத்துக் கொட்டிவிட்டுப் போகும் யானையோடுதான் சனம் வாழ்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பள்ளிச் சுற்றுலாவில் பின்னவலைக்குப் போய், ரிக்கெற் எடுத்து யானை பார்த்துவிட்டு வந்து ஒரு கிழமையாக அதையே சொல்லிக்கொண்டிருக்கும். பகலில், பயமில்லாமல், அது குளிப்பதையும் குட்டி குழப்படி செய்வதையும் பார்த்துக்கொண்டு நிற்க ஊரில் எங்கே வாய்க்கிறது?

குடும்பத்தோடோ மாணவர்களோடோ முதன்முதலாக இப்படிப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கமாக நடப்பது தெரிந்ததுதானே. ஒரு வானையோ பஸ்ஸையோ பிடித்து, தெஹிவளை, பின்னவலை, கண்டி, நுவரெலியா எல்லாவற்றையும் மூன்று நாளுக்குள் திணிப்பார்கள். பிள்ளைகள் முக்கால்வாசி நேரம் வாகனத்துக்குள் நித்திரை. என் யோசனை: ஒரு பயணத்துக்கு ஒரு விலங்கிடம். அதை மட்டும் ஆறுதலாகப் பாருங்கள்.

1. எந்த வகை இடம் என்று முதலில் பிரியுங்கள்

விலங்கு பார்க்கும் இடமெல்லாம் ஒன்றல்ல. கூட்டில் வைத்துக் காட்டுவது ஒரு வகை. தாயை இழந்த குட்டிகளை வளர்ப்பது இன்னொரு வகை. காட்டுக்குள் நாம் போய், விலங்கு தன்பாட்டில் வந்தால் பார்ப்பது மூன்றாவது. செலவு, நேரம், கொண்டுபோக வேண்டிய சாமான், பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டியது எல்லாம் இந்த வகையைப் பொறுத்துத்தான் மாறும்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை முதல் வகை. ஜோன் ஹகன்பெக் என்ற ஜெர்மன்காரர் வைத்திருந்த விலங்குத் தொகுப்பில் தொடங்கிய இடம் அது; 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. எங்கள் அப்பா, அம்மாமாரின் தலைமுறை அங்கே பின்நேரம் நடந்த யானை ஆட்டத்தைப் பற்றி இன்றும் கதைக்கும். நம் காட்டில் இல்லாத சிங்கம், வரிப்புலி, ஒட்டகச்சிவிங்கி என்று ஒரே வளவுக்குள் பலதைப் பார்க்க, சின்னப் பிள்ளைகளுக்கு இது வசதி. ஏற்ற இறக்கமான நிலம் என்பதால் வயதானவர்களுக்குக் கால் நோகும். கூடுகள் பழையவை, சில மிகச் சிறியவை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை "இது ஏன் இந்தக் கூட்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி நடக்குது?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: அடைபட்ட விலங்கு சலிப்பில் அப்படித்தான் நடக்கும்.

பின்னவலை யானைகள் சரணாலயம் 1975இல் தொடங்கியது. கேகாலைக்குக் கிட்ட, மா ஓயாக் கரையில் இருக்கிறது. காலையும் பின்நேரமும் யானைகளை வீதியைக் கடந்து ஆற்றுக்குக் குளிக்கக் கொண்டுபோவார்கள்; பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் அண்டிய நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். பிந்தினால் வெறும் தொழுவத்தைப் பார்த்துவிட்டு வரலாம். மிதிவெடியில் ஒரு முன்கால் சிதைந்த சாமா என்ற பெண் யானையைப் பல ஆண்டுகளாக அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை விளங்கப்படுத்த வேண்டியிருக்காது. 1984 தொடக்கம் அங்கேயே குட்டிகள் பிறக்கின்றன. 2021இல் இரட்டைக் குட்டிகளும் பிறந்தன. ஆனால் இதைக் காடு என்று நினைத்துப் போகாதீர்கள். சங்கிலி இருக்கும், பாகன் கையில் அங்குசம் இருக்கும். கிட்ட வந்து படம் எடுக்கச் சொல்லிவிட்டுக் காசு எதிர்பார்ப்பவர்களும் உண்டு. வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு நடவுங்கள். பக்கத்திலேயே 2015இல் திறந்த பின்னவலை மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது. கம்பிக்கூடு குறைந்த, திறந்தவெளி அமைப்பு. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

மூன்றாவது வகைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடவளவையில் 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம், பின்னவலைக்கு நேர்மாறான இடம். அநாதரவான குட்டிகளுக்குப் பால் கொடுத்து, மனிதரோடு பழக விடாமல் வளர்த்து, பிறகு காட்டில் விடுகிறார்கள். தடவ முடியாது, குளிப்பாட்ட முடியாது. பால் கொடுக்கும் நேரத்தில் மேடையில் நின்று தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நாட்டிலுள்ள யானை இடங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் கிளிநொச்சியிலிருந்து உடவளவை நாட்டின் மறுமுனை. போவதென்றால் இரண்டு இரவு தங்கலோடு, 2016இல் ரிதியகமவில் திறந்த சஃபாரி பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நாம் பஸ்ஸுக்குள் அடைபட்டிருக்க, சிங்கம் வெளியில் படுத்திருக்கும். பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடி.

2. மாதத்தைப் பாருங்கள், பிறகு இடத்தைத் தெரியுங்கள்

கூட்டு விலங்குக்கு மாதம் இல்லை. காட்டு விலங்குக்கும் கடலுக்கும் உண்டு. பலபேர் இதைக் கவனிப்பதில்லை. பள்ளிக்கூடம் எப்போது லீவு விடுகிறதோ அப்போது புறப்பட்டுவிடுகிறார்கள்.

ஆவணி, புரட்டாதியில் லீவு கிடைத்தால் மின்னேரியா. கோடையில் குளம் வற்ற, நீர் விலகிய தரையில் புல் முளைக்கும். அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். நல்ல ஆண்டில் இருநூறு, முந்நூறு யானைகளை ஒரே வெளியில் காணலாம். குளத்தில் நீர் உயரமாக நின்றுவிட்டால் புல் வெளிவராது, யானையும் குறையும். ஆகவே ஹபரணையில் இறங்கியதும் "மின்னேரியாவுக்குத்தான் போக வேண்டும்" என்று அடம்பிடிக்காதீர்கள். மின்னேரியா, கவுடுல்ல, ஹுருளு என்ற மூன்று யானைக் காடுகளும் அங்கிருந்து கிட்டக் கிட்ட. யானை அன்றைக்கு எங்கே நிற்கிறது என்று ஜீப்காரருக்குத் தெரியும். அவர் சொல்லும் இடத்துக்குப் போங்கள். பின்நேரச் சவாரிதான் நல்லது. மூன்று மணிக்குப் பிறகே யானைகள் வெளிக்கு வரும்.

வன்னியிலிருந்து பாதையும் இலேசு. ஏ9 வீதியால் மரதன்கடவல வரை வந்து, அங்கிருந்து இடப்பக்கம் ஹபரணைக்குத் திரும்ப வேண்டும். தம்புள்ளை வரை போய்ச் சுற்றத் தேவையில்லை. விடியப் புறப்பட்டால் இரவே வீடு திரும்பலாம். ஆனால் ஹபரணைச் சுற்றுவட்டாரத்தில் இருட்டிய பிறகு வீதியில் யானை நிற்கும். சாரதிக்கு அதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

வில்பத்து இன்னொரு ரகம். 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த, நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. அதன் வட எல்லை மன்னார் மாவட்டத்தைத் தொடுகிறது. யுத்த காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்து, 2010இல் மீளத் திறந்தது. முதன்மை வாசல் ஹுனுவிலகம. அநுராதபுரம் – புத்தளம் வீதியிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். காட்டுக்குள் மழைநீர் தேங்கி நிற்கும் 'வில்லு' என்ற இயற்கைக் குளங்கள்தான் இதன் அழகு. சிறுத்தை உண்டு, ஆனால் காண்பது அதிர்ஷ்டம். கரடி பார்க்க விரும்பினால் பாலைப்பழக் காலத்தைப் பாருங்கள். வைகாசி தொடக்கம் ஆடி வரை என்று வைத்துக்கொள்ளலாம். பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போன எந்த வன்னியானுக்கும் கரடி ஏன் அந்த மரத்தடியில் நிற்கும் என்று தெரியும். இங்கே அதை ஜீப்பில் இருந்து பார்க்கலாம் என்பதுதான் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. வில்பத்தில் மணிக்கணக்காக மரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போக வேண்டி வரலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு முழுநாள் சவாரி எடுக்காதீர்கள். அரைநாள் போதும், அதுவும் காலை ஆறு மணிச் சவாரி.

கடலென்றால் திருகோணமலை. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகப் போனால் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை அந்தப் பக்கக் கடல் அமைதி. நிலாவெளிக்கு முன்னால் கடலில் இருக்கிற புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. படகில் சிறிது நேரம்தான். முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் வைத்தால் முருகைக் கற்களும் நிறம் நிறமான மீனும் தெரியும். மனிதரைக் கடிக்காத சிறிய சுறாக்களும் கரைக்குக் கிட்ட வரும். முருகைக் கல்லை மிதிக்கவும் வேண்டாம், நினைவுக்கென்று முறிக்கவும் வேண்டாம். முறித்தால் மீள வளரப் பல ஆண்டு எடுக்கும், சட்டப்படி குற்றமும்கூட. உயிர்க்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தப் பக்கம் போகவே வேண்டாம். அப்போது டொல்பின் பார்க்க ஆசையென்றால் மேற்கே கற்பிட்டிக்குப் போகலாம்.

திருகோணமலைக்குப் போனால் கோணேசர் கோவிலுக்குப் போகாமல் யார் திரும்புகிறார்கள்? கோட்டை வாசலுக்குள் புள்ளிமான்கள் வீதியிலேயே நிற்கும். கட்டணம் இல்லை. அவற்றுக்குச் சொப்பிங் பையோடு எதையும் நீட்டாதீர்கள். பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

3. முதலில் ஊரைப் பாருங்கள்

இந்தப் பகுதியை முன்னுக்கே வைத்திருக்கலாம். ஆனால் ஊரில் இருப்பதை முதலில் சொன்னால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.

கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் நம் களப்புகளில்தான் இறங்குகின்றன. மதவாச்சி – தலைமன்னார் வீதியில் மன்னார்ப் பாலத்தை அண்டிய வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, ஏற்கப்பட்டது. வாகனத்தை ஓரங்கட்டினால் வீதியிலிருந்தே பூநாரைகளைப் பார்க்கலாம். ஊசிவால் வாத்துக் கூட்டம், உள்ளான், ஆலா எல்லாம் அதே நீர்ப்பரப்பில். சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவானது. கொக்கிளாய்க் களப்பும் மன்னார் கட்டுக்கரைக் குளமும் 1950களிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டில் விடிய ஆறரை மணிக்கு ஒரு தொலைநோக்கியோடு நின்றால், ரிக்கெற் எடுத்துப் பார்க்கும் எந்தப் பறவைக்கூட்டையும்விட அதிகம் பார்க்கலாம். செலவு, பெற்றோலும் ஒரு பிளேன்ரீயும்.

வெயில் ஏறிய பிறகு போனால் தூரத்தில் வெள்ளைப் புள்ளிதான் தெரியும். கறுப்பு, பச்சை, மண்நிற உடுப்புப் போடுங்கள். பூநாரை பறப்பதைப் படமெடுக்கக் கல் எறிகிறவர்களும் ட்ரோன் விடுகிறவர்களும் வருகிறார்கள். கூட்டத்தை ஒருமுறை கலைத்தால் அன்றைக்கு அது திரும்பி வராது. உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீர்.

சுண்டிக்குளம், முல்லைத்தீவுக் கரையோரங்களில் இன்னொரு கவனமும் வேண்டும். கண்ணிவெடி அகற்றப்படாத துண்டுகள் வன்னியில் இன்னும் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடி வேண்டாம், எவ்வளவு நல்ல பறவை இருந்தாலும். சனம் போய்வரும் தடத்தை விட்டு இறங்காதீர்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மன்னார் நகரத்தில் கழுதைகள் வீதியில் திரியும். அடிபட்டவற்றைக் கவனிக்கவென்று அங்கே ஒரு மருத்துவ நிலையமும் தொடங்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து ஒரு நாள் ஒதுக்கினால் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் அங்கே வெளியில் மேய்கின்றன. கடும் கோடையில் அவை தண்ணீருக்கு அலையும் காட்சி மனதைக் கெடுக்கும். மாரி முடிந்து புல் பச்சையாக இருக்கும் தை, மாசியில் போங்கள்.

4. போக்குவரத்தும் ரிக்கெற்றும்

பின்னவலைக்கு வான் பிடிக்க வேண்டுமென்றில்லை. வடக்கு ரயிலில் பொல்கஹவெல வரை போய், அங்கே கண்டிப் பக்கம் போகும் ரயிலுக்கு மாறினால் அடுத்த பெரிய நிலையம் ரம்புக்கன. அங்கிருந்து ஓட்டோவில் சில கிலோமீற்றர்தான். தெஹிவளைக்குக் கொழும்புக் கோட்டையில் இறங்கிக் கரையோர ரயிலில் ஏறினால், பிள்ளைகளுக்குக் கடலும் இலவசம். வடக்குப் பாதையில் திருத்த வேலை என்று மாதக்கணக்கில் ரயிலை நிறுத்திய காலங்கள் உண்டு. ஆகவே புறப்படும் கிழமையில் ஒருமுறை கேட்டுவிட்டு இருக்கையைப் பதியுங்கள். 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்கு எடுத்தால் தமிழிலும் பதில் சொல்வார்கள். நுழைவுக் கட்டணத்தையும் அங்கேயே கேட்கலாம். கட்டணம் அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை.

உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு இன்னொரு விலை. வித்தியாசம் பல மடங்கு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சித்தப்பா, மச்சாள்மாரோடு போகும்போது வாசலில் வரும் பிரச்சினை இதுதான். இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர் அதைக் கையில் கொண்டுபோக வேண்டும். போனில் எடுத்த படம் சில இடங்களில் எடுபடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர், தமிழில் எவ்வளவு கதைத்தாலும், வெளிநாட்டு விலைதான். சண்டை பிடித்துப் பயனில்லை, வரவுசெலவில் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காவில் நுழைவுச்சீட்டு மட்டும் செலவல்ல. வாகனத்துக்கு ஒன்று, சேவைக் கட்டணம் ஒன்று, வரி ஒன்று, அதற்குமேல் ஜீப் வாடகை. "எல்லாம் சேர்த்து, ஆறுபேருக்கு, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு?" என்று ஒரே வசனத்தில் கேட்டு, பதிலைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். ஜீப்காரர் பலருக்குத் தமிழ் வராது. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் வைத்திருப்பது காசை மிச்சப்படுத்தும். ஜீப்பில் ஆறுபேர் ஏறலாம் என்றால் நான்குபேர் ஏறுங்கள். நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

5. கையில் என்ன, வாயில் என்ன

தண்ணீரை வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி. சாப்பாடு லஞ்ச் ஷீற்றில் கட்டாமல் டப்பாவில். பல பூங்காக்களில் பொலித்தீனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குரங்கு நிற்கும் இடங்களில் கச்சானையும் பணிசையும் வெளியில் எடுத்தால் உங்கள் கைப்பையும் சேர்ந்து போகும்.

காட்டுக்குள் ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது. சத்தம் போட்டு யானையைத் திருப்ப முயலக்கூடாது. காதை விரித்துக்கொண்டு தலையை உயர்த்தி நின்றால் சாரதி பின்னுக்கு எடுப்பார், அவரை எடுக்க விடுங்கள். "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று காசு நீட்டும் பயணிகளால்தான் ஜீப்புகள் யானையைச் சுற்றி வளைக்கின்றன. வீதியோரம் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் எறிவதும் அதே ரகம். பழகின யானை அடுத்த வாகனத்தை மறிக்கும், அடுத்த கிழமை கடையை உடைக்கும். இதை மற்ற ஊர்க்காரருக்குச் சொல்லி விளங்கவைக்க வேண்டியிருக்கும். நமக்குச் சொல்லத் தேவையில்லை.

6. தவிர்க்க வேண்டியவை

யானைமேல் சவாரி வேண்டாம். பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம், கட்டிவைத்த குரங்கோடு படம் இரண்டும் வேண்டாம். தென்கரையில் கொஸ்கொட பக்கமுள்ள ஆமைப் பொரிப்பகங்களில் நல்லதும் உண்டு, வியாபாரமும் உண்டு. உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து நம் கரைகளில் முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சை இரவோடு கடலில் விடும் இடம் நல்ல இடம். பகல் வெயிலில் உங்கள் கையில் தந்து விடச் சொல்லும் இடமும், குஞ்சுகளை நாட்கணக்காகத் தொட்டியில் போட்டுக் காட்டும் இடமும் ரிக்கெற்றுக்காக நடப்பவை. வாசலில் ஒரு கேள்வி போதும்: "பொரித்து எத்தனை நாளில் விடுகிறீர்கள்?"

திரும்பி வந்த பிறகு பிள்ளைகள் வீட்டிலும் ஏதாவது வளர்க்கக் கேட்பார்கள். வன்னியில் வயல்வெளியில் அகப்படும் நட்சத்திர ஆமை, தேவாங்கு, அழுங்கு எதையும் வைத்திருக்கக்கூடாது. 1937இலேயே வந்த வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. காயப்பட்ட விலங்கைக் கண்டால் 1992க்கு எடுங்கள், அது வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். வரும்வரை சனத்தைத் தள்ளி நிற்கச் சொல்லி, நாயைக் கட்டிவையுங்கள். இடத்தைச் சொல்லும்போது கிராமத்தின் பெயரோடு பிரதேச செயலகப் பிரிவையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தையோ கோவிலையோ சேர்த்துச் சொல்லுங்கள். வன்னியில் ஒரே பெயரில் இரண்டு குளம் இருக்கும்.